பாறையும் விளக்கும்

எய்ல்சா கிரெய்க் என்ற பெயரை நான் முதலில் அறிந்தது ஒரு விளையாட்டின் வழியாகத்தான். குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தளத்தின் மீது வழுக்கிச் செல்லும் கர்லிங் கற்கள் அந்தத் தீவின் கருங்கல்லில் செய்யப்படுபவை. தீவு பறவைகளுடையது என்பது பிறகே தெரியவந்தது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கர்வன் என்னும் சிற்றூர். அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், இலையில் குவித்து வைத்த சோறுபோல் 338 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது அந்தப் பாறை. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்து இறுகிய எரிமலைக் குழம்பின் எச்சம் அது. ஒரு கோடையில் படகில் அதனை நெருங்கியபோது கண்ணுக்கு முன் மூக்கே அறிந்துகொண்டது. எச்சத்தின் நெடி. பிறகு இரைச்சல். செங்குத்தான பாறை விளிம்புகளெங்கும் வெண்ணிறக் கேனட் பறவைகள், ஆயிரக்கணக்கில்.

ஆனால் என் மனம் நின்றது பஃபின்களிடம். மண்ணில் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் சிறு பறவை அது. ஒரு காலத்தில் இங்கே பெருங்கூட்டமாக வாழ்ந்திருக்கிறது. 1886இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. அதன் காவலர்களுக்குப் பொருள் ஏற்றிவந்த படகுகளில் எலிகளும் வந்து இறங்கின. வளைக்குள் நுழைந்து முட்டையையும் குஞ்சையும் தின்றன. சில பத்தாண்டுகளில் பஃபின்கள் கூடுகட்டுவது நின்றுபோயிற்று.

மாலுமிகளின் உயிர் காக்க ஏற்றிய விளக்கு அது. அதைக் கட்டியவர்களை எப்படிக் குறைசொல்வது? தீங்கு எப்போதும் தீய எண்ணத்துடன்தான் வரும் என்ற என் நம்பிக்கை அங்கே தளர்ந்தது.

1991இல் நஞ்சு வைத்து எலிகள் முற்றாக ஒழிக்கப்பட்டன. ஆயினும் பறவைகள் உடனே நம்பிவிடவில்லை. 2002இல்தான் பஃபின்கள் மீண்டும் அங்கே இனம் பெருக்கின. அழைப்போலை அனுப்பி வரவழைக்கக்கூடிய விருந்தினரா அவர்கள்?

கரையில் இறங்குமுன் படகோட்டி பையைத் திறந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். சிரித்தபடியேதான் திறந்தேன். ரொட்டிப் பொட்டலமும் ஒரு புத்தகமும் மட்டுமே இருந்தன. இருந்தும் அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன்.