அடைத்த நாட்களும் நாங்கள் போட்ட புள்ளடியும்

2022 ஜூன் மாதம் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். கினிகத்தேனை டவுனில் அட்டன் பஸ்ஸுக்காகக் காலையிலிருந்து நிற்போம். பஸ் வராது. மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். டீசல் இல்ல.

20ஆம் திகதியிலிருந்து அரச ஊழியர்களில் பெரும்பகுதியினரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். மாதக் கடைசியில், எரிபொருள் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் என்றார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார்: "ஆபீஸ மூடுவாங்க, ஸ்கூல மூடுவாங்க. மலைக்குப் போகாட்டி எங்களுக்குப் பேர் யாரு போடுறது?"

அமெரிக்காவிலும் அரசாங்கம் மூடும். செலவுக்கு காங்கிரஸ் அனுமதி கொடுக்காவிட்டால் திணைக்களங்களை மூடிவிடுவார்கள். 2013இல் 16 நாள் மூடியபோது குடியரசுக் கட்சியைத்தான் அதிகம் பேர் குறை சொன்னார்கள். ஆனால் அடுத்த வருடமே அந்தக் கட்சி செனட்டைப் பிடித்தது. அதற்குள் சனம் மறந்துவிட்டது போல.

இங்கே அப்படி மறக்க முடியவில்லை. டொலர் தீர்ந்து நாடு நின்றதை எங்கள் அடுப்பே சொன்னது. 2020இல் மொட்டுக்கு 145 ஆசனம். நுவரெலியா மாவட்டத்தில் 8இல் 5. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் மொட்டில்தான் கேட்டது. சங்கம் சொல்லிவிட்டது என்று எங்கள் அப்பாமாரும் அதற்கே புள்ளடி போட்டார்கள். 2024 நவம்பரில் அதே மொட்டுக்கு நாடு முழுக்க 3 ஆசனம். எங்கள் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. தேசிய மக்கள் சக்தி 5 எடுத்தது. எங்களுக்கு அதுதான் முதல் பொதுத் தேர்தல்.

ஆனால் பழி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. 2022 ஏப்ரலில் இராஜாங்க அமைச்சுப் பதவியை விட்ட ஜீவன் தொண்டமான், இந்தத் தடவை யானைச் சின்னத்தில் கேட்டார். வாக்குகள் குறைந்தன, ஆனாலும் வென்றார். சனம் சின்னத்தைத் தண்டித்த அளவுக்கு ஆளைத் தண்டிக்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. கோட்டாபய 2022 ஜூலை 14இல் பதவி விலகினார். மொட்டு எம்.பி.மார் விலகவில்லை. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலும் காசு இல்லையென்று நின்றுபோனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். திறைசேரி காலியானால் பள்ளிக்கூடமும் ஆபீசும் மட்டும் மூடுவதில்லை, வாக்குப்பெட்டியும் மூடும். பழி சுமந்த கட்சிக்கு அதனால் கிடைப்பது அவகாசம்.

எங்களோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் அந்த ஜூனில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். பரீட்சைக்கு வரவில்லை. 2024 நவம்பரில் வாக்குப் போட ஊருக்கு வந்தான். டவுனில் பிளேன்டீ குடித்துக்கொண்டே முடிவுகளைப் பார்த்தோம். நாங்கள் ஆசனக் கணக்குப் பேசினோம். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "அவங்க அடுத்த தடவ திரும்பக் கேப்பாங்க மச்சான். எனக்கு அந்தப் பரீட்சை திரும்ப வருமா?"

வெளிவாரியாக எழுதலாம் என்றோம். விண்ணப்பத்தைக்கூட வாங்கி வைத்திருக்கிறோம். அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.