வேலியோரச் சுண்டை

குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டிப் பக்கத்து விளைகளில், அதாவது தோட்டங்களில், வேலியைத் திருத்தும்போது சுண்டைதான் முதலில் அரிவாளுக்கு இரையாகிறது. காசு தராத முட்செடிக்கு இடம் எதற்கு என்ற எண்ணம். அதை வெட்டக் கூடாது என்பது என் கட்சி. வற்றலுக்காகச் சொல்வது பாதி, மீதி வழுதலங்காய் என்று நாங்கள் சொல்லும் கத்தரிக்காக. இரண்டு பருவமழையும் பெய்து ஈரம் தங்கும் இந்த மண்ணில் கத்தரிக்கு எமன், பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்னும் நுண்ணுயிர் வேர்க்காயம் வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். இலை பழுக்கக்கூட நேரமில்லாமல், பச்சையாகவே செடி தொய்ந்து சாகும். தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால்போல ஓர் இழை இறங்கும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கும் கிருமி இது, மருந்தடித்துத் தீராது. அதே குடும்பத்துச் சுண்டையின் வேரோ இந்த நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. அதனால்தான் சுண்டை நாற்றைப் பிளந்து கத்தரிக் குருத்தைச் செருகி ஒட்டுக் கட்டுகிறார்கள். ஜப்பானில் இது நன்கு வேரூன்றிய முறை. தமிழ்நாடு, கேரள வேளாண் பல்கலைக்கழகங்களும் இதைக் கையாள்கின்றன.

சுண்டையின் கசப்பு காய்க்கு ஏறாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; ஊமத்தை வேரில் தக்காளியை ஒட்டினால் பழத்துக்கு நஞ்சு ஏறும். சுண்டை அப்படியல்ல. மாறாக, மண்ணிலுள்ள கேட்மியம் என்னும் நச்சு உலோகம் வேரிலிருந்து மேலேறுவதை அது மட்டுப்படுத்துகிறது; சுண்டையில் ஒட்டிய கத்தரிக்காயில் அந்த உலோகம் பாதிக்கும் மேல் குறைந்ததை 2008-இல் வந்த ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. வேலை கூடுதல் என்பது மட்டும் உண்மை. சுண்டை விதை மெதுவாகவும் முன்பின்னாகவும் முளைக்கும், ஆகவே கத்தரிக்கு முன்பே விதைக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வாடல் எட்டிப் பார்க்காத மண் வாய்த்தவருக்கு இந்தப் பாடு வேண்டாம். நட்டதெல்லாம் காய்க்கும் முன்னே செத்துப்போகும் விளைக்காரரின் கணக்கு வேறு.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. சுண்டை அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்தவைதான் என்றாலும், அவற்றைப்போல இது தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க அரசின் தீங்கான களைப் பட்டியலில் இருக்கிறது. பறவை தின்று விதையைப் பரப்பும். மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கும் ஊருக்கு இது சின்னக் கவலையல்ல. ஆனால் பறவைக்கு வேண்டியது பழுத்த பழம், நமக்கு வேண்டியது பச்சைக் குலை. காயை நசுக்கி, அலசி, தேங்காய் வறுத்தரைத்துத் தீயல் வைக்கிற வீட்டு வேலியில், மிஞ்சியதை உப்புமோரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுகிற வீட்டு வேலியில், பழுப்பதற்கு அதிகம் மிஞ்சாது. சமைக்கிறவர்கள் கைவிட்ட செடிதான் காடேறும். காட்டோரம் தானாக முளைத்ததைத் தயங்காமல் பிடுங்கட்டும். வேலிக்குள் ஒன்றிரண்டு நிற்கட்டும். ஒட்டுநாற்றுக்கு விதை வேண்டுமானால் ஓரிரு குலைகளை மட்டும் துணிப்பையால் மூடிப் பழுக்க விடலாம். ஒரு பழத்துக்குள்ளேயே ஏராளமான விதை இருக்கிறது.