தொடும் முன் பார்: ஒரு பின்பால் இயந்திரத்தின் நாட்குறிப்பு

ஜனவரி 6, சனி

சிகாகோவின் புறநகர் ஒன்றில், ஒரு வீட்டு நிலவறையில் நெடுங்காலம் துணி மூடிக் கிடந்த பின்பால் இயந்திரம் இன்று எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தது. 1970-களின் நடுவில் இந்த வட்டாரத்திலேயே காட்லீப் நிறுவனம் செய்த நால்வர் ஆட்ட இயந்திரம். உள்ளே ஒரு சிப் கூடக் கிடையாது. புள்ளிகளைக் காட்டுவது 0 முதல் 9 வரை அச்சிட்ட சக்கரங்கள். கணக்கு வைப்பது ரிலேக்கள், அதாவது மின்காந்தம் இழுத்து இயக்கும் ஸ்விட்சுகள். எது எப்போது நடக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவது, மெதுவாகச் சுழலும் ஒரு மோட்டாரும் அதன் மேல் அடுக்கிய ஸ்விட்சுகளும்.

"பல வருஷமா ஓடல" என்று மட்டும்தான் விற்றவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பிளக்கைச் சுவரில் செருகவே இல்லை. எங்காவது ஒரு ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால், மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், கருகிவிடும். இந்தக் காயில்களில் பல நொடியில் ஒரு துளி நேரம் இழுத்து விடுவதற்காகச் சுற்றப்பட்டவை. தொடர்ந்து மின்சாரம் ஓடினால் தாங்காது.

முதலில் மின்கம்பி. இரண்டு முள் பிளக், ரப்பர் வெடித்துக் கம்பி தெரிந்தது. அதை எடுத்துவிட்டு, எர்த் இணைப்புள்ள மூன்று முள் கம்பி போட்டேன். சுவரிலிருந்து வரும் 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரைதான். அதைத் தாண்டியதும் விளக்குகளுக்குச் சுமார் 6 வோல்ட், காயில்களுக்குச் சுமார் 24 வோல்ட். ஆளுக்கு ஆபத்து அந்த முதல் இரண்டடியில்தான், அதை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

அடுத்து பியூஸ். யாரோ ஒருவர் எரிந்த பியூஸின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி வைத்திருந்தார். பியூஸ் எரிவது குறை அல்ல, குறை இருக்கிறது என்ற செய்தி. தாளைச் சுற்றினால் செய்தி நின்றுவிடும், குறை நிற்காது. பக்கத்தில் அச்சிட்டிருந்த அளவுக்கே புதிய பியூஸ் போட்டேன்.

பெட்டியின் அடியில் ஒரு பழுப்பு உறைக்குள் சர்க்யூட் படம் நாலாக மடிந்து கிடைத்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இயந்திரத்தைப் பார்த்தபோது கூட வரவில்லை. படத்தின் ஓரத்தில் உள்ள குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். இயந்திரம் எந்த நிலையில் இருக்கும்போது இந்த ஸ்விட்சுகள் இப்படித் திறந்தும் மூடியும் இருக்கின்றன என்று அது சொல்லும். அதைப் படிக்காதவருக்கு மீதிப் படம் முழுக்கத் தப்பாகவே புரியும்.

ஜனவரி 7, ஞாயிறு

காயில்களை ஒவ்வொன்றாக அளந்தேன். அளக்கும் முன் ஒரு முனையின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மீட்டர் பக்கத்துப் பாதைகள் வழியாகச் சுற்றிவந்து வேறு எண்ணைக் காட்டும். பந்தை அடிக்கும் ஃபிளிப்பரின் காயிலை விட்டுவிட்டால், 2 ஓமுக்குக் கீழே காட்டும் காயிலின் மேல் சந்தேகப்படலாம். உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படி எதுவும் அகப்படவில்லை.

மாலையில் பிளக்கைச் செருகினேன். விளக்குகள் எரிந்தன. ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சுழன்றது, சக்கரங்கள் தடதடவென்று ஓடி ஒவ்வொன்றாகப் பூஜ்யத்தில் நின்றன. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. மகள் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இது ஏன் நிக்கவே மாட்டேங்குது?"

"யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கும்மா. யாரு இன்னும் வரலன்னு பாரு."

அவள் மேல்பெட்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "மூணாவது ஆளோட நூறு சக்கரம் மட்டும் 7-லயே நிக்குதுப்பா."

முழு விடையும் அதுதான். தொடக்கத்தில் மோட்டார் ஒவ்வொரு சக்கரத்துக்கும் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும். சக்கரம் பூஜ்யத்துக்கு வந்ததும் அதன் பின்னாலுள்ள ஸ்விட்ச் திறந்து, "எனக்குப் போதும்" என்று பாதையைத் துண்டிக்கும். எல்லாச் சக்கரங்களும் துண்டித்த பிறகுதான் தொடக்க ரிலே விடும், மோட்டாரும் ஓயும். ஒரே ஒரு சக்கரம் வராவிட்டாலும் இயந்திரம் காத்துக்கொண்டே இருக்கும். அதிக நேரம் ஓடவிடாமல் உடனே பிளக்கை எடுத்தேன்.

அந்தச் சக்கரத்தின் காயில் சரி, கம்பி சரி, ஸ்விட்ச் சரி. கையால் இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பற்சக்கரத்தைத் தள்ளும் கொக்கி, இழுத்த இடத்திலிருந்து திரும்பி வரவே தயங்கியது. யாரோ எப்போதோ விட்ட எண்ணெய் கோந்தாக இறுகியிருந்தது. பாகத்தைக் கழற்றி, ஆல்கஹாலில் துடைத்து, உலரவிட்டு, எண்ணெய் எதுவும் விடாமல் மாட்டினேன். இந்த இடத்தில் எண்ணெய் விடுவது அடுத்த பழுதுக்கு விதை போடுவது. மறுபடி பொத்தானை அழுத்தினேன். எல்லாச் சக்கரமும் பூஜ்யம், மோட்டார் நின்றது.

மின்குறை போல வந்தது இயந்திரக்குறையாக முடிந்தது. இந்த வகை இயந்திரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே கூடாது.

ஜனவரி 13, சனி

ஆட்டம் தொடங்குகிறது, பந்து வருகிறது, புள்ளி மட்டும் கோளாறு. 500 புள்ளி தர வேண்டிய இலக்கில் பந்து பட்டால் சில சமயம் 100, சில சமயம் 200.

இந்த இயந்திரத்துக்கு 500 என்று தனியாக ஓர் எண் தெரியாது. நூறை ஐந்து முறை தருவதுதான் அதற்கு 500. இலக்கு ஒரு கணம் தொட்டதும் 500 ரிலே இழுக்கும். இழுத்த வேகத்தில் தன்னுடைய ஒரு காண்டாக்டை மூடி, தன் காயிலுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொண்டு பிடித்து நிற்கும். அதற்குள் மோட்டார் மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து துடிப்புகள் கொடுத்து, கடைசியில் அந்தப் பிடியை விடுவிக்கும். பந்து போய் எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும், இயந்திரம் அதன் கணக்கை நினைவில் வைத்திருக்கும். ஒரு கம்பிச்சுருளும் இரண்டு வெள்ளி முனைகளும் சேர்ந்தால் நினைவு உண்டாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது இங்கேதான்.

விரலால் அந்த ஸ்விட்சை அழுத்திப் பிடித்தேன். 500 முழுதாக வந்தது. சுண்டிவிட்டேன். 100. அப்படியானால் மோட்டார் சரி, துடிப்பு தரும் ஸ்விட்ச் சரி, நூறு ரிலேயும் சரி. ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் பாதை மட்டும்தான் அறுந்திருக்கிறது. இத்தனை ரிலேக்களுக்கு நடுவே சந்தேகம் ஒரே ஒரு காண்டாக்டில் வந்து நின்றது.

பிளக்கை எடுத்துவிட்டு அந்த முனைகளுக்கு நடுவே ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை வைத்து, மெல்ல அழுத்திப் பிடித்து இழுத்தேன். கறுப்பாக வந்தது. வெளுப்பாக வரும்வரை இழுத்தேன். பிறகு அந்த முனையைத் தாங்கும் பிளேடின் அழுத்தத்தைப் பார்த்தேன். முனைகள் தொட்ட பிறகும் பிளேடு சற்றே வளைந்து செல்ல வேண்டும். அந்தச் சிறு உரசல்தான் ஒவ்வொரு முறையும் காண்டாக்டைத் தானே துடைத்துக்கொள்ளச் செய்கிறது. இதைச் சரியாக வைத்தால் அரமே வேண்டாம். 500, ஒவ்வொரு சுண்டலுக்கும் 500.

ஜனவரி 20, சனி

இன்று இடது ஃபிளிப்பர். பந்தைத் தாங்கிப் பிடிக்கிறது, மேலே அடிக்கத் தெம்பில்லை.

1931-இல் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' ஆட்டத்தில் ஃபிளிப்பர் கிடையாது. பந்தை விட்டுவிட்டு அது எந்தக் குழியில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1947-இல் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் மின்சாரத்தால் அடிக்கும் ஃபிளிப்பர்கள், ஆறு, முதன்முதலாக வந்தன. அன்றிலிருந்து இது கைத்திறன் ஆட்டமாயிற்று. ஆனாலும் நியூயார்க் நகரம் 1940-களில் சூதாட்டம் என்று சொல்லி விதித்த தடை 1976 வரை நீடித்தது. அந்த ஆண்டு பின்பால் ஆட்டக்காரர் ரோஜர் ஷார்ப் நகர மன்றத்தார் முன் ஆடிக் காட்டி, பந்தை எங்கே அனுப்பப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். அந்தத் திறமைக்கெல்லாம் அடிப்படை இந்த ஒரு காயில். அதனால் இதைச் சரியாகச் செய்யாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள். ஒன்று தடித்த கம்பி, தடை மிகக் குறைவு, அடிக்கும் வலு அதிலிருந்து வருகிறது. மற்றது மெல்லிய கம்பி, தடை அதிகம், பிடித்து வைக்க மட்டும். ஃபிளிப்பர் கீழே இருக்கும்போது ஒரு ஸ்விட்ச் மூடியிருந்து மெல்லிய சுற்றை விலக்கிவைக்கும். மின்சாரம் முழுதும் தடித்த சுற்றில் பாயும். ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் அது அந்த ஸ்விட்சைத் தள்ளித் திறக்கும். மெல்லிய சுற்று பாதையில் சேர, மின்சாரம் சிறுத்து, பொத்தானைப் பிடித்திருக்கும்வரை காயில் சூடேறாமல் இருக்கும்.

தாங்குகிறது, ஆனால் அடிக்கவில்லை என்றால் அந்த ஸ்விட்ச் கீழ்நிலையில் சரியாக மூடவில்லை என்று பொருள். அடிக்கிறது, ஆனால் புகைகிறது என்றால் உச்சியில் அது திறக்கவில்லை. பார்த்தேன், முனைகள் குழிவிழுந்து கருத்திருந்தன. இவை வெள்ளி அல்ல, டங்ஸ்டன். அட்டையால் தேய்த்தால் பலனில்லை, இங்கேதான் மெல்லிய அரம் வேண்டும். தேய்த்துச் சமமாக்கி, கீழே அழுத்தமாக மூடுவதையும் உச்சியில் மெல்லிய இடைவெளி விட்டுத் திறப்பதையும் கையால் தூக்கி இறக்கிப் பார்த்துச் சரிசெய்தேன். பந்து ஆடுகளத்தின் மேல்முனை வரை போனது.

ஜனவரி 27, சனி

மிகக் கடினமான குறை எப்போதாவது வரும் குறை. ஆட்டத்தின் நடுவில், பாப் பம்பர் பலமாக உதைக்கும்போது, சில சமயம் ஆட்டமே முடிந்துபோகிறது.

'டில்ட்' என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும். இயந்திரத்தை ஆட்டி ஏமாற்றுவதைத் தடுக்க ஹாரி வில்லியம்ஸ் 1930-களில் கொண்டுவந்த ஏற்பாடு அது. இந்த இயந்திரத்தில் ஒரு வளையத்தின் நடுவே தொங்கும் எடை, ஆட்டினால் வளையத்தைத் தொடும், டில்ட் ரிலே இழுக்கும். மகளை அந்த ரிலேயின் மேல் கண் வைக்கச் சொல்லிவிட்டு நான் ஆடினேன். ஆட்டம் அறுந்தது.

"இழுத்துச்சாம்மா?"

"அசையவே இல்லப்பா."

டில்ட் இல்லை என்று உறுதியாயிற்று. அப்படியானால் எதுவும் இழுக்கவில்லை, இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய ஒன்று விட்டுவிட்டது. ஆட்டம் நடக்கும்வரை பிடித்து நிற்கும் ரிலேயின் பாதையைப் படத்தில் பென்சிலால் கோடிட்டு, வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்ச், பிளக், ஈயப்பற்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். மேல்பெட்டியையும் அடிப்பெட்டியையும் இணைக்கும் பல முள் பிளக்குகளை அசைத்தேன், மாற்றமில்லை. மரக்குச்சியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ரிலே விட்டது.

அந்த முனையில் ஈயப்பற்று பளபளப்பில்லாமல், சுற்றிலும் மயிரிழை அளவு விரிந்திருந்தது. பம்பர் உதைக்கும்போது மட்டும் பிரிந்து சேர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து பிளேடுகளை முன்பு யாரோ இடுக்கியால் கன்னாபின்னாவென்று வளைத்திருந்தார். குறை எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் வளைத்தால் இப்படித்தான் ஆகும். பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, சுத்தம் செய்து, புதிதாகப் பற்றவைத்து, பிளேடுகளை ஒன்றுக்கொன்று இணையாக நேராக்கினேன்.

பிப்ரவரி 3, சனி

பந்தெண்ணும் அலகையும் இன்று கழற்றித் துடைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் கொக்கி ஒரு பல் முன்னேற்ற, பித்தளை முனைகளின் மேல் ஒரு கை நகர்ந்துபோகும். நம் ஊர்த் தொலைபேசி நிலையங்களில் ஒரு காலத்தில் ஓடிய ஸ்ட்ரோஜர் சாதனங்களும் இதே படிப்படி நகர்வில்தான் எண்களை இணைத்தன. அவற்றைப் பராமரித்தவர்கள் இந்தப் பெட்டியைத் திறந்தால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

வீட்டில் நான்கு பேரும் முழு ஆட்டம் ஆடினோம். ஐந்து பந்தும் எண்ணப்பட்டன, புள்ளிகள் சரியாக ஏறின, முடிந்ததும் இயந்திரம் அமைதியாக நின்றது. கண்ட குறைகளையும் செய்த வேலைகளையும் சர்க்யூட் படத்தின் நகலில் பென்சிலால் எழுதி உறைக்குள் வைத்தேன். அடுத்து திறப்பவருக்கு அது வேண்டும்.

இந்த இயந்திரம் எதையும் மறைப்பதில்லை. எந்த ரிலே இழுக்கிறது, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். கெட்டது எது என்று கேட்பதற்கு முன், நல்லது எது என்று ஒவ்வொன்றாக உறுதி செய்தால் குறை தானாகவே ஒரு மூலைக்கு வந்து நின்றுவிடும். பின்பால் மட்டுமல்ல, ரிலேயில் ஓடும் வேறெந்தப் பழைய சாதனமும் உங்கள் கைக்கு வந்தால் இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சர்க்யூட் படத்தைத் தேடுங்கள். பொறுமையாகப் பாருங்கள். அரத்தையும் இடுக்கியையும் கடைசியில் எடுங்கள்.