பிடுங்குவாங்கன்னு தெரியும்!

பென்டிரைவைப் பிடுங்குறதுக்கு முன்னாடி 'எஜெக்ட்' கொடுக்குற பழக்கம் உங்களுக்கு உண்டா? எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேருக்குக் கிடையாது. விண்டோஸ்ல பெரும்பாலும் தப்பிச்சிடுறாங்க. விண்டோஸ் 10-ன் 1809 வெர்ஷன்ல இருந்து 'குவிக் ரிமூவல்'தான் டீஃபால்ட். லினக்ஸ்ல அப்படி இல்லை. 'காப்பி முடிஞ்சது'ன்னு காட்டின பிறகும் கொஞ்ச நேரம் டேட்டா ரேம்லயே இருக்கலாம். அங்கே எஜெக்ட் கட்டாயம்.

சரி, பிடுங்குறதுக்கு ஹார்டுவேர் எப்படித் தயாரா இருக்கு? யுஎஸ்பி-ஏ பிளக்கை உற்றுப் பாருங்க. ஓரத்து ரெண்டு பின்னும் (பவர், கிரவுண்டு) கொஞ்சம் நீளம். நடுவுல உள்ள டேட்டா பின்கள் குட்டை. சொருகும்போது முதல்ல கரண்ட், அப்புறம்தான் பேச்சு. பிடுங்கும்போது பேச்சு நின்ன பிறகுதான் கரண்ட் போகும்.

சொருகினதும் டிவைஸ்ல உள்ள 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒரு டேட்டா லைனை மேலே இழுக்கும். ஹப் அதைக் கவனிச்சுச் சொல்லும். லினக்ஸ் உடனே நம்பாது. இணைப்பு 100 மில்லிசெகண்ட் ஆடாம நிக்குதான்னு பார்க்கும். பிறகு ரீசெட் பண்ணி, 1 முதல் 127-க்குள்ள ஒரு முகவரி கொடுத்து, 'நீ யாரு?'ன்னு விசாரிச்சு, பொருத்தமான டிரைவரைச் சேர்த்துவிடும்.

பிடுங்கினா டிரைவருக்குத் தகவல் போகும். ஆனா அந்த டிவைஸை ஏதாவது புரோகிராம் திறந்து வச்சிருந்தா, கெர்னல் கணக்கை முழுசா மூடாது. எங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதுதான் முக்கியம். மண் ஈரத்தை அளக்குற போர்டு யுஎஸ்பி வழியா ராஸ்பெர்ரி பைகிட்ட பேசும். கேபிள் ஒரு தடவை விட்டுச் சேர்ந்தா போதும், டிடிஒய்-யுஎஸ்பி 0-ஆ இருந்தது 1-ஆ திரும்பி வரும். பழைய 0-வைத்தான் புரோகிராம் இன்னும் பிடிச்சிட்டிருக்கே! போர்டு நல்லா இருக்கு, கேபிளும் சேர்ந்தாச்சு. புரோகிராம் மட்டும் போனவருக்காகக் காத்திருக்கும். தோட்டத்துல ஆள் இல்லாத நேரம்னா அன்னைய டேட்டா முழுக்க போச்சு.

அதனால ரெண்டு விஷயத்தை ஆரம்பத்துலயே முடிவு பண்ணினோம். ரீட் பண்றப்போ எரர் வந்தாலோ டேட்டா நின்னாலோ போர்ட்டை மூடிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி திறக்கணும். அடுத்தது, 0, 1-ங்கிற நம்பரை நம்பக்கூடாது. யுடெவ் உருவாக்குற 'பை-ஐடி' பெயர்ல டிவைஸோட சீரியல் நம்பர் இருக்கும், அது மாறாது. மலிவான சிஹெச்340 சிப் பலதுல சீரியல் நம்பரே இருக்காது. ஒரே மாதிரி ரெண்டு போர்டு இருந்தா, எந்தப் போர்ட்ல சொருகியிருக்குன்னு பார்க்குற 'பை-பாத்' பெயர்தான் வழி.

பிளக் செஞ்சவங்க எதிர்பார்த்தாங்க, கெர்னல் எழுதினவங்களும் எதிர்பார்த்தாங்க. மிச்சம் இருக்குறது நாம எழுதுற புரோகிராம்தான். ரிவ்யூவுக்கு முந்தின நாள், எல்லாம் ஓடிட்டிருக்கும்போது, நீங்களே ஒரு தடவை கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்க.