சாரம் திராட்சையில் மட்டுமா?

புதுச்சேரி காமராஜர் சாலையில் போனால் சாரம் வரும். அவ்வைத் திடல், கடைகள், ஓயாத வாகனச் சத்தம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் இங்கே ஒயின் பாட்டில் புதிதல்ல. திராட்சை விவசாயி ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் ஒரு கேள்வி எழும். ஒரே ரகத் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின்தான். ஒரு பாட்டிலைவிட இன்னொன்று பல மடங்கு விலை. ஏன்?

காரணங்களில் ஒன்று, ஓக் மரப் பீப்பாய்.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஷாப்ளி, மெர்சோ என்று இரண்டு ஊர்கள். இரண்டிலும் ஷார்டனே ரகம்தான். ஷாப்ளியில் பெரும்பாலும் எவர்சில்வர் தொட்டியில் வைக்கிறார்கள். பச்சை ஆப்பிள் வாசனையும் புளிப்பும் எடுப்பாக இருக்கும். மெர்சோவில் 228 லிட்டர் ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். வறுத்த பருப்பு மணம் வரும். மண்ணும் குளிரும் வேறுதான். ஆனாலும் மரத்தின் பங்கு பெரிது.

பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்தச் சூட்டில் வெனிலா, கிராம்பு, புகை மணங்கள் கூடும். மரத்தின் வழியே காற்று மெல்ல நுழைந்து சுவையை மிருதுவாக்கும். வெண்ணெய் மணம் மட்டும் மரத்தினுடையது அல்ல. புளிப்பைக் குறைக்கும் பாக்டீரியா தருவது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிடுவதால் மர மணம் பளிச்சென்று தெரியும். அளவு மீறினால் பழ மணம் அமுங்கிவிடும்.

புதுப் பீப்பாய்தான் மணம் தரும். மூன்று நான்கு முறை நிரப்பினால் மணம் பெரிதும் போய்விடும். அதற்கேற்ற ஓக் வளர 100 ஆண்டுக்கு மேல் ஆகும். விலை ஏறாமல் என்ன செய்யும்? 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிய அமைச்சர் கோல்பேர், 1669-இல் கப்பல் மரத்துக்காகக் காடுகளைக் காக்கச் சட்டம் போட்டார். கம்பெனி 1674-இல் புதுச்சேரிக்கு வந்தது. கப்பலுக்காக வளர்த்த ஓக் காடுகள் இன்று பீப்பாய்க்கு உதவுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் வந்தது என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் பழமாகவே விற்கிறது. பறித்தால் காத்திருக்க முடியாது, கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

பீப்பாய் மணம் கூட்டும். பழத்தில் இல்லாத இனிப்பையும் புளிப்பையும் அது தராது. அவை தோட்டத்தில் விளைபவை. ஆகவே ஒயின் ஆலையோடு ஒப்பந்தம் பேசும் விவசாயி எடையை மட்டும் பேசக் கூடாது. சர்க்கரை, புளிப்பு அளவை யார், எப்போது அளப்பார்கள், அதற்கேற்ப விலை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்து விற்பது குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.