வேடந்தாங்கல்: கரையில் நின்று பார்க்கும் ஏரி

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் அம்மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டுகின்றன. நெசவு ஊரான தேவிகாபுரத்தில் தறிக்கு ஓய்வு விடும் நாளில் விடியுமுன் புறப்பட்டால், சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம்.

படகு, குளியல், தூண்டில் எதுவும் இங்கே கிடையாது. பார்ப்பது ஒன்றே பொழுதுபோக்கு. ஏரிக்கரை மேல் நடைபாதையும் ஒரு பார்வைக் கோபுரமும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். இரை தேடிப் போன பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் மாலைப் பொழுது இன்னும் நல்லது. குஞ்சுகள் வளர்ந்துவரும் ஜனவரி, பிப்ரவரியில் இருநோக்கி கொண்டுபோகிறவர்களுக்குக் காட்சி நெருங்கிவரும். தாய்க் கூழைக்கடாவின் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை முழுவதும் நுழைத்து மீனை எடுக்கும். உச்சிவெயிலில் நத்தைகுத்தி நாரை சிறகை விரித்துக் கூட்டின் மேல் நிழல் பிடித்து நிற்கும்.

கரையில் கூச்சல் போடக்கூடாது என்பதற்குக் காரணம் அந்த நிழல்தான். மிரண்டு தாய் எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். இதை அதிகாரிகள் கண்டுபிடித்து ஊராருக்குச் சொல்லவில்லை. ஊரார்தான் அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள் என்பது வரலாறு. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். தீபாவளிக்கு இந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை.

இன்றைய சட்டம் அந்த ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் வந்ததுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்கோ ஆய்வுக்கோ படம் எடுக்கவோ வருபவர் அனுமதி பெற்றே நுழைய வேண்டும். நுழைவுச் சீட்டு வாங்குவது அதனால்தான். உயிரினங்களைச் சீண்டுவது, குப்பை போடுவது, தீ மூட்டுவது, ஆயுதமோ வெடிபொருளோ கொண்டுவருவது எல்லாம் தடை. உள்ளூரில் குடியிருப்பவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் குற்றத்தைத் தடுப்பதும் தீயை அணைப்பதும் அவர்கள் கடமை என்கிறது அதே சட்டம். வேடந்தாங்கலில் அந்தக் கடமைக்கு இரு நூற்றாண்டு வயது.

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை இரை தேடுவது ஏரியில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்து வயல்களிலும் குளங்களிலும்தான். எனவே அந்த எல்லை நியாயமானது. 2020இல் அதைச் சுருக்க முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பும் நியாயமானதே. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டுபோகும், பறவைகளும் வருவதில்லை. தேவிகாபுரத்திலிருந்து குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோகும் தின்பண்டப் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் மறக்காமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.