யூரியா மாமா வந்திராத ஊர்

ஃபுளோரிடாவில் வின்டர் பார்க் என்று ஓர் ஊர். ஏரிகள் சூழ்ந்த ஊர். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் குறுகலான கால்வாய்கள் போகின்றன; 1938-லிருந்து அவற்றில் சுற்றுலாப் படகு விடுகிறார்கள். ஃபிரெட் ரோஜர்ஸ் இசை படித்து 1951-ல் பட்டம் வாங்கிய ரோலின்ஸ் கல்லூரி அந்த ஏரிகளில் ஒன்றின் கரையில்தான் இருக்கிறது. அவர்மேல் பிரியமுள்ளவர்கள் அங்கே போய், அவர் நடந்த இடங்களில் நடந்துவிட்டுப் படகிலும் ஏறிச் சுற்றி வரலாம். வாழ்வது சேவைக்கே என்ற பொருளில் அந்த வளாகத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ரோஜர்ஸ் அதன் படத்தைத் தன் பர்சிலேயே வைத்திருந்தார். போகிறவர்கள் அந்தக் கல்லைத் தேடிப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நாமும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்ல யாத்திரைதான். உண்டியல்கூடக் கிடையாது.

ரோஜர்ஸ் அப்படி என்ன செய்தார்? 1968 முதல் 2001 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். வீட்டுக்குள் வருவார், கோட்டைக் கழற்றுவார், அம்மா பின்னிக்கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார், ஷூவை மாற்றுவார், நிதானமாகப் பேசுவார். வித்தை, கூச்சல் ஒன்றும் இல்லை. அந்த ஸ்வெட்டர்களில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது.

இந்த வின்டர் பார்க் யாத்திரையைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்கு ஒரு நமைச்சல். நம் ஊரில் யாருக்கு இப்படி ஓர் உலா நடத்தலாம்? எங்கே நடப்பது, எங்கே படகு விடுவது?

பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஷோபனா ரவி செய்தி வாசித்த நிதானத்தை இன்றும் உதாரணம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' என்றால் கொழும்புக்குக் கப்பலேற வேண்டும். படகு என்ற நிபந்தனை அதிலேயே தீர்ந்துவிடும். விசுவின் 'அரட்டை அரங்கம்' ஊர் ஊராகப் போனது, அதற்கு ஒரு பஸ் போதாது. பக்கத்திலேயே வேண்டுமானால், எங்கள் காட்டுப்பாக்கத்திலிருந்து மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டே பூந்தமல்லியைத் தாண்டினால் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. தமிழர்கள் அதிகம் எட்டிப்பார்த்த வீடான பிக் பாஸ் வீடு அங்கேதான் எழும்பியது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் உள்ளே வேறு அலங்காரம் காணும் வீட்டில் எந்தப் பழங்கதையைக் காட்டுவது?

என் ஓட்டு இவர்கள் யாருக்கும் இல்லை, யூரியா மாமாவுக்கு.

அது எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர். சென்னைத் தொலைக்காட்சியின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, எதிரே ஒரு வேளாண் அதிகாரியை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்பவர். கறுப்பு வெள்ளைக் காலம். தெருவில் ஒரே ஒரு டி.வி.; மரக்கதவு போட்ட சாலிடேர். போஸ்டாபீசில் லைசென்சு கட்டி வைத்திருந்தார்கள் என்பதால் அந்த வீட்டுக்கு ஓர் அரசாங்கக் களை இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க இடம் பிடிக்க வேண்டும் என்றால் முன்னாலேயே போய்க் குந்த வேண்டும். குந்தினால் வயலும் வாழ்வும். தப்பிக்க வழியில்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்தால் மற்ற நேரமெல்லாம் முனகுவோம், அந்த நிகழ்ச்சியின்போது மட்டும் கைதட்டுவோம்.

என் தாத்தா மட்டும் அந்த நிகழ்ச்சிக்காகவே வருவார். அவருக்கு எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, ஏரி மதகுக்குக் கீழே, கொஞ்சம் கழனி இருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீர் இருக்கிறபடி பட்டம் பார்த்துப் பயிர் வைப்பார். காதில் பென்சில், கையில் கிழித்த காலண்டர் தாள். யூரியா மாமா வாயைத் திறந்ததும் தாத்தா தாளைத் தொடையில் வைத்து நீவுவார்.

ஒரு நாள் பாடம் எனக்கு இன்னும் மனப்பாடம். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, பொடித்த வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு. கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து மேலுரமாகப் போட வேண்டும். வெறும் யூரியா தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். புண்ணாக்கோடு சேர்ந்தால் தழைச்சத்து மெல்ல மெல்லப் பயிருக்கு இறங்கும். அதிகாரி இதை மளமளவென்று சொல்லிவிட்டார். யூரியா மாமா விடவில்லை. "அதாவது யூரியா ஐந்து பங்குங்களா?" என்றார். அவர் ஆமாம் என்றார். "ஜிப்சம் நான்கு?" ஆமாம். "புண்ணாக்கு ஒன்று?" ஆமாம். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்து, நான்கு, ஒன்று என்று ஒரு வாரம் தெருவெல்லாம் கோரஸ். கோலிக்குண்டு ஆட்டத்துக்குக்கூட அதுதான் பாட்டு. தாத்தா சிரிக்கவில்லை. முதல் தடவை அதிகாரி சொன்னபோது அவர் பென்சில் முனை உடைந்திருந்தது. பல்லால் சீவி எடுத்துக்கொண்டு, மாமா திரும்பக் கேட்டபோதுதான் எழுதி முடித்தார். எழுதியதும் டி.வி.யைப் பார்த்து, "சரிப்பா" என்றார். எதிரில் இருக்கிற ஆளுக்குச் சொல்வதுபோலவே.

ரோஜர்ஸ் நிகழ்ச்சியில் ஒரு மீன்தொட்டி இருந்தது. தினமும் இரை போடுவார். கண் தெரியாத சிறுமி ஒருத்தி, நீங்கள் மீனுக்குச் சாப்பாடு போட்டீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கவலையாக இருக்கிறது என்று எழுதிப்போட்டாள். அதன்பிறகு இரை போடும்போது, மீனுக்கு இரை போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். பார்வையுள்ள லட்சம் குழந்தைகளுக்கு அந்த வாக்கியம் தேவையே இல்லை. ஒரு குழந்தைக்குத் தேவை, அது போதும். இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு ஃபுளோரிடா ஞாபகம் வரவில்லை. ஜிப்சம் ஞாபகம்தான் வந்தது. யூரியா மாமா இரண்டாவது தடவை கேட்டதெல்லாம் பென்சில் முனை உடைந்த யாரோ ஒருவருக்காக. அந்த யாரோ எங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்.

இத்தனைக்கும், இந்த நாட்டில் தொலைக்காட்சிக்குக் கழனி ஒன்றும் ஒட்டுத்திண்ணை இல்லை. 1967 ஜனவரி 26 அன்று டெல்லியில் 'கிருஷி தர்ஷன்' தொடங்கியபோது, சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காகத்தான் தொடங்கினார்கள். சென்னை நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். அதற்கும் முந்தி, ரேடியோவிலேயே இந்த வித்தை பலித்திருந்தது. 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி.27 என்ற நெல்லை வானொலி கேட்டே ஜனங்கள் நட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேராகிவிட்டது. எங்கள் ஜில்லாவுக்கு ஏற்றது திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.9. சிவப்பரிசி, குறுகிய வயது. 1978-ல் வெளியானது. எங்கள் தெருவில் அதை ஒருவரும் டி.வி. நெல் என்று சொல்லவில்லை. டி.வி.யை ஒளியும் ஒலியும் குத்தகைக்கு எடுத்துவிட்டது.

ஒரே ஒரு மாலை யூரியா மாமா எங்களையும் நிமிர வைத்தார். கறவை மாட்டுத் தீவனம் பற்றிப் பேச ஒரு நிபுணர் வந்திருந்தார். பெயருக்குக் கீழே, 'கால்நடை ஆராய்ச்சி நிலையம், காட்டுப்பாக்கம்' என்று எழுத்து ஓடியது. கூடமே அதிர்ந்தது. நம்ம ஊர் டி.வி.யில்! டி.வி. வீட்டு அம்மா எல்லோருக்கும் காப்பி போட்டார். ஒன்றும் சொல்லாமல் இருந்தவர் தாத்தா மட்டும்தான். அந்தக் காட்டுப்பாக்கம் வேறு. செங்கல்பட்டுச் சாலையில் பொத்தேரிக்குப் பக்கத்தில் இருப்பது. மாடு வாங்கத் தாத்தா அங்கே போய்வந்தவர். காப்பி குடித்து, வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு மட்டும் சொன்னார். "அங்கியே சொல்றதுதானே தாத்தா?" என்றேன். "சந்தோசமாக் கீறாங்க. உட்டுடு" என்றார்.

ஆக, யூரியா மாமா எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. பிறகு உலா எதற்கு என்று கேட்கலாம். தொலைக்காட்சிக்காரரின் பழைய வாழ்க்கை அவர் பிறந்த வீட்டிலும் படித்த கல்லூரியிலும் மட்டுமா இருக்கிறது? அவர் யாரைப் பார்த்துப் பேசினாரோ அவர்கள் இருந்த இடத்திலும் பாதி கிடக்கிறது. சிவானந்தா சாலை நிலையத்தில் இருந்த கேமராவுக்கு முன்னால் அவர் பேசினார்; விதை விழுந்தது மதகுக்குக் கீழே. நான் காட்ட நினைப்பது அந்த இடத்தை.

நடைப் பகுதி சுலபம். ஏரிக்கரையில் ஆரம்பித்து மதகு இருந்த இடம்வரை வந்தால், அங்கே ஒரு மருந்துக்கடை. போக்குக் கால்வாய்மேல் கான்கிரீட் பலகை, அதன்மேல் இரண்டு சக்கர வண்டிகள். கழனிகளில் முதலில் வெள்ளைக் கல் நட்டார்கள். அந்தப் பட்டத்துக்கு அதுதான் நடவு. பிறகு பிளாட், பிறகு அடுக்ககம். தாத்தா விற்கும்போது அழவில்லை. விலை நன்றாக வந்தது என்று திருப்தியாகவே இருந்தார். மண்ணைப் பிரிந்த விவசாயியின் கண்ணீரைத் தேடி வருகிற பயணிகளுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

படகுப் பகுதிக்கும் ஏற்பாடு உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, மணப்பாக்கம், முகலிவாக்கம் தெருக்களில் மீனவர்களின் படகுகளே வந்தன. எங்கள் லேஅவுட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. லாரி டியூபில் பலகை கட்டி, பையன்கள் பால் பாக்கெட்டும் மாத்திரையும் இழுத்து வந்தார்கள். தாத்தாவின் கழனி இருந்த இடத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. பழைய போக்குக் கால்வாய்மேல் வந்ததும் தெப்பத்தை இழுப்பு பக்கவாட்டில் தள்ளியது. தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடும் என்று யூரியா மாமா நிகழ்ச்சியில் எச்சரித்தது யூரியாவை மட்டும்தான். அதே 2015-ல்தான் மத்திய அரசு, உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது. ஒரு ராத்திரி கலந்து வைக்கும் வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. மாமாவின் பாடத்தில் பாதி ஜெயித்த வருஷம். போடுவதற்குக் கழனிதான் இங்கே இல்லை.

வெள்ளத்துக்குக் காத்திருக்கப் பிடிக்காதவர்களுக்குக் கூவம் இருக்கிறது. எங்களுக்கு வடக்கே திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு போகிற ஆறு, மதுரவாயல், கோயம்பேடு என்று வளைந்து நெளிந்து, கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் சிவானந்தா சாலையை உரசிக்கொண்டு போகிறது. அதாவது தொலைக்காட்சி நிலையத்தின் பக்கத்தில். காட்டுப்பாக்கத்துக்குப் பின்புறமும் தூர்தர்ஷனுக்கு அருகிலும் ஒரே தண்ணீர். தாத்தாவுக்கும் யூரியா மாமாவுக்கும் அலைவரிசை இல்லாமலே ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கருணாநிதி அரசு கூவத்தைச் சீராக்கிப் படகுத்துறைகள் கட்டிப் படகும் விட்டது, நிலைக்கவில்லை. இன்றைக்குத் திருவேற்காட்டில் படகேறிச் சேப்பாக்கத்தில் இறங்குபவருக்கு என் உலா இலவசம். மூக்கு அவருடைய சொந்தப் பொறுப்பு.

இந்த உலாவுக்கு வழிகாட்டி தேவைப்பட்டால் யூரியா மாமாவைத்தான் கூப்பிடுவேன். அவர் வந்தால் டி.வி. இருந்த வீடு எது என்று கேட்கமாட்டார். தன் பேரில் கல் நட்டிருக்கிறார்களா என்றும் தேடமாட்டார். மருந்துக்கடைக்கு எதிரே நின்று, கிழக்கே பார்த்து, வழக்கம்போலக் கேட்பார்: "இங்க என்ன ரகம் போட்டிருக்கீங்க?"

"டூ பி.எச்.கே. சார், கிழக்குப் பார்த்தது" என்று சொல்வோம்.

அவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்பார்.